முத்துக்குளித்துறை – 19: ஊர் கட்டிய கல்லூரி

சென்ற இதழில் 1908ஆம் ஆண்டுக் கோரல் மில் வேலைநிறுத்தத்தோடு நிறுத்தியிருந்தோம். அதே ஆண்டில் தூத்துக்குடியில் மெட்ரிகுலேஷன் தேறிய ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பளக் கணக்கர் ஒருவரின் மகன் என்று வைத்துக்கொள்வோம். மேலே படிக்க ஆசை. என்ன செய்திருப்பான்? பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறியிருப்பான். மணியாச்சியில் வண்டி மாறித் திருநெல்வேலியில் இறங்கியிருப்பான். மூன்றாண்டு கழித்துக் கலெக்டர் ஆஷ் துரை சுடப்பட்ட அதே மணியாச்சிதான். திருநெல்வேலியில் இந்துக் கல்லூரி இருந்தது, ஆற்றைத் தாண்டினால் பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரி. இரண்டுமே 1878இல் கல்லூரிகள் ஆனவை. பெண்ணாகப் பிறந்திருந்தால் பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி உண்டு. ஆனால் தூத்துக்குடியிலிருந்து பெண்ணை விடுதிக்கு அனுப்பிப் படிக்கவைக்கக்கூடிய வீடுகளை அன்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஊர் சிறியது என்பதால் கல்லூரி இல்லை என்று சொல்ல முடியாது. 1866இல் நகராட்சி ஆகிவிட்டது. 1876இல் ரயில் வந்துவிட்டது. 1888இல் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் ஓடத் தொடங்கிவிட்டது. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் 1914 வரை தூத்துக்குடிக்கு வந்துதான் கப்பல் ஏறினார்கள். தனுஷ்கோடி வழி திறந்த பிறகே அந்தக் கூட்டம் அங்கே போயிற்று. பஞ்சும் உப்பும் கருவாடும் சென்னா இலையும் கப்பலேறிய துறைமுகம் இது. பணம் புரண்ட ஊர். ஆனாலும் கல்லூரியில் படிக்க வேண்டுமென்றால் முப்பது மைல் தள்ளிப் போக வேண்டும்.

இந்த நிலை 1948 வரை நீடித்தது. ஏன் நீடித்தது, எப்படி மாறியது என்பதுதான் இந்த இதழின் கதை.

இந்தக் கடற்கரைக்குக் கல்வி புதிதல்ல. இத்தொடரின் தொடக்க அத்தியாயங்களில் அன்றீக் அடிகளாரைப் பார்த்தோம். புன்னைக்காயலில் தங்கி, தமிழ் படித்து, தமிழுக்கு இலக்கணக் குறிப்பு எழுதி, சக பாதிரியார்களுக்கும் தமிழ் கற்றுக்கொடுத்தவர். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் கைவண்ணம். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாக நமக்குக் கிடைத்திருப்பது அதுவே. ஆனால் புன்னைக்காயலில் நடந்த கல்வி வந்தவர்கள் ஊரைப் புரிந்துகொள்வதற்கான கல்வி. ஊர்ப் பிள்ளைகள் மேலே போவதற்கான ஏணி அதில் இல்லை. பின்னர் வந்த டச்சுக்காரர்களுக்குச் சங்கிலும் முத்திலும் துணியிலும் கண் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கண் இருந்ததாகத் தெரியவில்லை.

உண்மையான முதல் முயற்சி பிஷப் கால்டுவெல்லுடையது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தூத்துக்குடியில் ஒரு கல்லூரி இருந்து மறைந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

கதை சாயர்புரத்தில் தொடங்குகிறது. தூத்துக்குடியிலிருந்து தெற்கே, தேரிக்காட்டு ஓரத்தில் உள்ள ஊர். 1842இல் அங்கு வந்த ஜி.யு. போப், வேதபோதகர்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவிக்க ஒரு செமினரியைத் தொடங்கினார். பிற்காலத்தில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த அதே போப்தான். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், மிகக் கண்டிப்பானவர். போப் போன பின்னும் செமினரி வளர்ந்தது. 1880 வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. வகுப்பு வரை நடத்தும் இரண்டாந்தரக் கல்லூரி ஆயிற்று. இரண்டாந்தரம் என்றால் மட்டம் என்று பொருளல்ல. பட்டப் படிப்புக்கு முந்திய இரண்டு ஆண்டுகளை மட்டும் நடத்தும் கல்லூரிக்கு அன்றைய பெயர் அது.

1883இல் கால்டுவெல் அந்தக் கல்லூரியைத் தூத்துக்குடிக்கு மாற்றினார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய ஒப்பிலக்கணம் வெளிவந்து இருபத்தேழு ஆண்டுகள், ‘திருநெல்வேலிச் சரித்திரம்’ வெளிவந்து இரண்டே ஆண்டுகள். கொற்கையிலும் பழைய காயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர் அவர். பழைய துறைமுகம் மண்மூடிப்போனதையும் புதிய துறைமுகம் எழுந்ததையும் அவரைப்போல் அறிந்தவர் அன்று இல்லை. இடையன்குடியில் நாற்பதாண்டு இருந்துவிட்டு, தாமும் தூத்துக்குடிக்கே குடிவந்தார். அவர் கணக்கு எளிது. ரயில் இங்கே வருகிறது, கப்பல் இங்கே வருகிறது, மக்கள் இங்கே குவிகிறார்கள். படிப்பும் இங்கேதான் இருக்க வேண்டும்.

கணக்கு சரிதான். ஆனால் கல்லூரி நிற்கவில்லை. கால்டுவெல் 1891இல் கொடைக்கானலில் காலமானார். சில ஆண்டுகளுக்குள் கல்லூரி வகுப்புகள் நின்றன, பள்ளி மட்டும் மிஞ்சியது. இன்றும் தூத்துக்குடியில் கால்டுவெல் பெயரில் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ஒட்டப்பிடாரத்திலிருந்து வந்த வ.உ.சிதம்பரம் தூத்துக்குடியில் படித்த பள்ளிகளில் அதுவும் ஒன்று. அவரும் பிறகு திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கும், சட்டம் படிக்கத் திருச்சிக்கும் போக வேண்டியிருந்தது.

ஏன் நிற்கவில்லை? கல்லூரியை நடத்திய எஸ்.பி.ஜி. மிஷன் சங்கத்தின் பணம் இங்கிலாந்திலிருந்து வந்தது. எங்கே செலவு செய்வது, எங்கே குறைப்பது என்ற முடிவும் அங்கிருந்தே வந்தது. தென் தமிழகத்தில் எத்தனை கல்லூரி தாங்கும் என்று சங்கம் கூட்டிக் கழித்தபோது தூத்துக்குடி கழிபட்டது. ஊர்க்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஊர்க்காரர்களும் தடுக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கல்லூரியில் அவர்களுடைய காசு ஒன்றும் இல்லை. கால்டுவெல்மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆனால் ஒரு மனிதரின் செல்வாக்கையும் தூரத்துச் சங்கத்தின் தயவையும் நம்பி நின்ற கல்லூரிக்கு அந்த மனிதரின் ஆயுள்தான் ஆயுள்.

கால்டுவெல் கல்லூரி நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1889இல், தூத்துக்குடிக்கு எதிரே முத்துக்குளிப்பு நடந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் வந்து பார்த்து எழுதி, 1890இல் நூலாக வெளியிட்டார். குளிப்பு முறையை முந்தைய அத்தியாயங்களில் விவரித்துவிட்டதால் இங்கே பங்கீட்டை மட்டும் நினைவூட்டுகிறேன். கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மிச்சம் ஒரு பங்கு, மூச்சடக்கிச் சிப்பிப் பாரில் இறங்கியவனுக்கும் அவன் கயிற்றைப் பிடித்தவனுக்கும் படகுக்குமாகப் பிரிய வேண்டும். சர்க்கார் பங்கு ஏலத்தில் போய்ப் பணமாகிச் சென்னைக்கு ரயில் ஏறும். முத்து ஒரு திசையில், வருவாய் ஒரு திசையில். சிப்பி அழுகிய நாற்றம் மட்டும் ஊருக்கு.

அந்த வருவாயில் தூத்துக்குடிக்கு ஒரு கல்லூரி கட்டியிருக்கலாமே என்று கேட்பது இன்றைய கேள்வி, அன்று யாருக்கும் தோன்றியிருக்காது என்று சிலர் சொல்லக்கூடும். நான் ஏற்கமாட்டேன். பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் திருச்சியிலும் கல்லூரி தேவை என்று தோன்றிய காலம் அது. துறைமுகத்துக்கு மட்டும் தோன்றாமல் போனதற்குக் காரணம், துறைமுகத்தை ஆண்டவர்கள் அதை ஒரு சுங்கச்சாவடியாக மட்டும் பார்த்ததுதான். குளியாளின் மகனுக்கும் படகுச் சம்மாட்டியின் மகனுக்கும் படிப்பு என்று ஒன்று இருந்தது. எந்தப் பார் எந்தக் கரையடையாளத்துக்கு நேரே இருக்கிறது, எந்த நீரோட்டத்தில் தண்ணீர் கலங்கும், சிப்பி முற்றியதை எப்படி அறிவது என்பதையெல்லாம் அப்பனிடமும் மாமனிடமும் கற்றார்கள். அந்த அறிவு மேலதிகாரிகளின் அறிக்கைகளுக்குள் போயிற்று. சொன்னவர்களின் பிள்ளைகள் அந்த அறிக்கைகளைப் படிக்கும் அளவுக்குப் போக ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாயிற்று. அதன் முதல் ஆயர் பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச், ஏசு சபைத் துறவி. தற்காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையில் இந்தியர் ஒருவர் ஆயரானது அதுவே முதன்முறை. அதே 1923இல் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி தொடங்கியது. ஆண்பிள்ளைகளுக்கு இன்னொரு கதவு திறந்தது, அதுவும் ரயிலேறித்தான் போக வேண்டிய கதவு. ரோச் ஆயர் தூத்துக்குடியில் கல்லூரி கண்டது 1948இல். அது பெண்களுக்கானது. வியாகுல அன்னை சபைக் கன்னியர் நடத்திய தூய மரியன்னை கல்லூரி.

அரை நூற்றாண்டுக்கும் மேல் கல்லூரி இல்லாமல் கிடந்த ஊருக்கு முதலில் வந்தது பெண்கள் கல்லூரி. இதை நம் ஊர் வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு இது வியப்பாக இருந்தது, பிறகு யோசித்தால் நியாயமாகப் பட்டது. ஆண்பிள்ளையை எங்காவது விடுதியில் சேர்த்துவிடலாம். பெண்ணுக்கு ஊரிலேயே கல்லூரி இல்லாவிட்டால் கல்லூரியே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற ஒரே ஏற்பாட்டினால் எத்தனை தகப்பன்மார் தலையசைத்திருப்பார்கள்! உள்ளூர்க் கல்லூரியின் அருமை முதலில் பெண்களுக்கே விளங்கிற்று என்று நினைக்கிறேன்.

மூன்றாண்டு கழித்து, 1951இல், வ.உ.சிதம்பரம் கல்லூரி பிறந்தது.

இதை நிறுவியவர் ஏ.பி.சி. வீரபாகு. விடுதலைப் போராட்டக் காலத்துக் காங்கிரஸ்காரர். பின்னாளில், 1957இலும் 1962இலும், ஸ்ரீவைகுண்டம் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர். கல்லூரிக்கு அவர் வைத்த பெயரைக் கவனியுங்கள். வ.உ.சி. 1936 நவம்பர் 18இல் இதே ஊரில் இறந்தபோது, கப்பல் கம்பெனி போய், செல்வம் போய், வக்கீல் தொழிலும் நொடித்துப் போயிருந்தது. அவர் போன பதினைந்தாம் ஆண்டில் அவர் பெயரில் ஒரு கல்லூரி. மாவட்டத்துக்குச் சிதம்பரனார் பெயர் வந்தது 1986இல், அதுவும் சில ஆண்டுகளில் மாறிவிட்டது. துறைமுகத்துக்கு அவர் பெயர் வைக்க 2011 ஆயிற்று. ஊர்க்காரர்கள் நடுவணரசைவிட அறுபதாண்டு முந்திவிட்டார்கள்.

பெயர் வைப்பது எளிது, நடத்துவதுதான் பாடு. அன்றைய முறைப்படி எஸ்.எஸ்.எல்.சி. பதினோரு ஆண்டு, அதன்மேல் இண்டர்மீடியட் இரண்டாண்டு, அதன்மேல் பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரத்துக்குக் கட்டடமும் நூலகமும் ஆய்வுக்கூடமும் காட்ட வேண்டும். ஆசிரியர்கள் வேண்டும், அவர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும். வந்த மாணவர்கள் யார் என்று பார்த்தால் ஊரின் சுற்றுவட்டம் புரியும். நகரத்துக்குள்ளிருந்து வியாபாரிகள், குமாஸ்தாக்கள், மில் தொழிலாளிகள் ஆகியோரின் பிள்ளைகள். வடக்கே ஒட்டப்பிடாரம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல்காட்டுப் பிள்ளைகள். தெற்கே தேரிக்காட்டிலிருந்து பனையேறிகளின் பிள்ளைகள். மேற்கே தாமிரபரணிப் பாசனத்து நெல்லும் வாழையும் விளையும் ஊர்ப் பிள்ளைகள். கடலோரத்தில் வரிசையாக மீனவக் குப்பங்கள். ஒரே வகுப்பில் கரிசலும் தேரியும் வயலும் கடலும் உட்காருவது திருநெல்வேலியில்கூட இந்த அளவுக்கு இல்லை.

ஆனால் 1951இல் குப்பத்திலிருந்தும் தேரியிலிருந்தும் கல்லூரி வாசல் வரை எட்டிய பிள்ளைகள் மிகக் குறைவு. அவர்களை எட்டவைத்தது வேறோர் இடத்தில் நடந்த வேலை. 1956இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பாரதி பிறந்த ஊர், தூத்துக்குடியிலிருந்து ஒரு பஸ் தூரம். நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்துகொண்டிருந்த காலம். 1956இல் சோற்றுக்காக ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை தவறாமல் படித்தால் 1967இல் எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும். இந்த ஆண்டுக்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்து வரும் ஆண்டுகளைப் பாருங்கள். சாயர்புரத்தில் போப் கல்லூரி 1962. திருச்செந்தூருக்குப் பக்கத்தில் ஆதித்தனார் கல்லூரி 1965. கோவில்பட்டியில் ஜி.வெங்கடசாமி நாயுடு கல்லூரி 1966. தூத்துக்குடியிலேயே காமராஜ் கல்லூரி 1966. அரை நூற்றாண்டுக்கும் மேல் ஒரு கல்லூரியைத் தாங்க முடியாமல் கிடந்த வட்டாரம் நான்காண்டுக்குள் இத்தனையைத் தாங்கியது. கல்லூரி கட்டியவர்களைப் பாராட்டலாம். அவற்றை நிரப்பியது பள்ளிக்கூடத்துச் சோறு.

இங்கே வாசகர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். இவையெல்லாம் தனியார் கல்லூரிகள்தானே, ஊர் கட்டிய பொதுக் கல்லூரிகள் போல எப்படிப் பேசுகிறாய்? நியாயமான கேள்வி.

தமிழ்நாட்டின் ‘அரசு உதவி பெறும் கல்லூரி’ என்பது இரண்டுங்கெட்டான் மாதிரி தெரியும். நிலமும் கட்டடமும் நிர்வாகமும் ஒரு சங்கத்துடையவை அல்லது சபையுடையவை. ஆசிரியர் சம்பளம் அரசுடையது. பாடத்திட்டமும் பட்டமும் பல்கலைக்கழகத்துடையவை. தொடக்கத்தில் அரசு மானியம் நிர்வாகத்தின் கைக்குப் போய், அங்கிருந்து ஆசிரியருக்கு வரும். முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குறைந்த சம்பளம் வாங்கிய கதைகள் தமிழகம் முழுக்க உண்டு. மதுரைப் பல்கலைக்கழக வட்டாரத்தில் மூட்டா ஆசிரியர் சங்கம் நடத்திய போராட்டங்களும், 1976இல் வந்த தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் அந்த நிலையைப் பெரிதும் மாற்றின. அரசே சம்பளத்தைக் கொடுத்தது. கட்டணம் ஏழைக்கு எட்டும் தொகையில் நின்றது. இட ஒதுக்கீடு வந்தது. நடைமுறையில் பார்த்தால் மக்கள் பணத்தில் மக்கள் பிள்ளைகள் படிக்கும் கல்லூரி. பெயர்ப்பலகை எப்படி இருந்தாலும் எனக்கு அது பொதுக் கல்லூரிதான்.

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்ற தொழில் நகரத்தில், 1901இல் ஆறே மாணவர்களோடு ஓர் இளநிலைக் கல்லூரி தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் யோசனை அது. உயர்நிலைப் பள்ளி முடித்தவர்கள் ஊரிலேயே இரண்டாண்டு படித்துவிட்டுப் பிறகு பல்கலைக்கழகம் போகட்டும் என்பது திட்டம். கால்டுவெல்லின் இரண்டாந்தரக் கல்லூரியும் இரண்டாண்டுப் படிப்புதான், காலத்தாலும் முந்தியது. ஆனால் அங்கே ஜோலியட் பள்ளி நிர்வாகம், அதாவது ஊர், கல்லூரியைத் தன் செலவாக ஏற்றுக்கொண்டது. 1947இல் அதிபர் ட்ரூமன் அமைத்த குழு நாடெங்கும் இப்படிப்பட்ட சமுதாயக் கல்லூரிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் தூய மரியன்னை கல்லூரிக்கு முந்திய ஆண்டு. இந்தியாவில் அதே பெயரில் முயற்சி வரப் பின்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகத்திலும், அடுத்த ஆண்டு சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. ஏசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் அந்த இயக்கத்தைத் தமிழகம் கடந்தும் கொண்டுபோனார். 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஒரு திட்டம் அறிவித்தது. பெரும்பாலும் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தரும் குறுகிய படிப்புகள். நல்ல காரியம்தான், ஆனால் சிறிய காரியம். ஒரு சிறு நகரமும் அதைச் சுற்றிய கிராமங்களும் சேர்ந்து தங்கள் பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கிக்கொள்ளும் பெரிய காரியத்தை நம் உதவி பெறும் கல்லூரிகளே செய்தன.

இதற்கிடையில் பல்கலைக்கழகங்கள் மாறிக்கொண்டிருந்தன. சென்னை போய் 1966இல் மதுரை வந்தது. மதுரை போய் 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. பி.யு.சி. வந்து போய், 1978இல் பிளஸ் டூ வந்தது. இந்த மாற்றங்களை இதற்குமேல் விவரிக்கப்போவதில்லை. அவை எல்லா ஊருக்கும் பொது.

தூத்துக்குடிக்கு மட்டுமே உரிய கல்லூரி 1977இல் வந்தது. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 1955இல் தொடங்கி ஏழாண்டு நடந்த குளிப்பு அது. அதற்குப் பிறகு பார்களில் குளிப்புக்குத் தேறும் அளவுக்குச் சிப்பி சேரவில்லை. இரண்டாயிரம் ஆண்டுத் தொழில் ஒரு பருவத்தோடு ஓய்ந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1973 ஜூலையில், தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணையில், விஞ்ஞானி கே. அழகர்சாமி சிப்பியைத் திறந்து உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்தார். இந்தியாவில் அதுவே முதல். ஜப்பானியர் பல பத்தாண்டுகளாகக் கைக்குள் வைத்திருந்த வித்தை, மன்னார் வளைகுடாச் சிப்பியில் பலித்துவிட்டது. 1981இல் சிப்பிக் குஞ்சுகளையே தொட்டியில் பொரிக்கவைத்தார்கள். கடலுக்குள் மூச்சடக்கிப் போய் எடுத்ததை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கலாம் என்று ஆனது.

இந்தச் சூழலில்தான் 1977இல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் எழுந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ், முழுக்க அரசுச் செலவில். நாட்டில் இதற்கு முன் மங்களூரில் மட்டும், 1969இல், ஒரு மீன்வளக் கல்லூரி தொடங்கியிருந்தது. 1989இல் தூத்துக்குடிக் கல்லூரி கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மாறிற்று. 2012இல் நாகப்பட்டினத்தில் மீன்வளத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வந்தபோது அதற்குள் போயிற்று. நான்காண்டுப் பட்டப் படிப்பு. மீன் வளர்ப்பு, பதனிடுதல், படகுப் பொறியியல், கடல் உயிரியல் எல்லாம் பாடம். மீனவர் பிள்ளைகளுக்குச் சிறப்பு ஒதுக்கீடு உண்டு.

சர்க்கார் இந்தக் கரையில் முத்துக்குப் பங்கு வாங்கிய நூற்றாண்டுகளுக்குப் பிறகு, கடலையே பாடமாக வைத்துக் கட்டிய முதல் கல்லூரி இது. காலம் கடந்து வந்தது. சிப்பி இருந்தபோது கல்லூரி இல்லை, கல்லூரி வந்தபோது சிப்பி இல்லை. அதற்காக வேண்டாத வேலை என்று சொல்லமாட்டேன். இறாலும் நண்டும் பதனிட்டு ஏற்றுமதியாகும் கரை இது. பாரைப் பற்றியும் பவளப்பாறையைப் பற்றியும் ஆராய்ச்சி அறிக்கை எழுதுகிற கை இந்தக் கரையின் கையாகவே இருக்க முடியும் என்ற நிலை வந்துவிட்டது. என் குறை ஒன்றுதான். சங்கு குளிக்கிற தொழிலாளி இன்றும் தூத்துக்குடியில் இருக்கிறார். கடலடியை அவரைப்போல் கண்ணால் கண்டவர் வேறு யாரும் இல்லை. அவருக்கு ஒரு பருவமாவது அந்த வகுப்பறையில் பேச இடம் கொடுத்து, மதிப்பூதியமும் கொடுக்க வேண்டும். பட்டம் இல்லாதவர் பாடம் சொல்லக்கூடாது என்ற விதி, தர்ஸ்டன் காலத்துப் பங்கீட்டைவிட எந்த வகையில் மேல்?

இப்போதைய நிலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளாகத் தமிழகத்தின் உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே கூரையின் கீழ் இரண்டு கல்லூரிகள் நடக்கின்றன. ஒன்று அரசுச் சம்பளத்தில், குறைந்த கட்டணத்தில். இன்னொன்று சுயநிதிப் பிரிவு, கூடுதல் கட்டணத்தில், நிர்வாகம் கொடுக்கிற சம்பளத்தில். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. புதிய பாடங்கள் பெரும்பாலும் சுயநிதியிலேயே வருகின்றன. உதவி பெறும் பிரிவில் ஓய்வுபெறும் ஆசிரியரின் இடம் உடனுக்குடன் நிரம்புவதில்லை. 1950களில் ஊரும் அரசும் சேர்ந்து சுமந்த சுமை மெல்ல மெல்ல மாணவர் வீட்டுத் திண்ணைக்கு இறங்குகிறது. இதைத் தூத்துக்குடி தனியாக நிறுத்திவிட முடியாது, சட்டமன்றத்தில்தான் நிறுத்த வேண்டும்.

எதிர்த்திசையில் ஓர் அசைவும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. உதவி பெறும் பள்ளிகளில் படித்த பெண்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது 2024 டிசம்பர் இறுதியில். அதை முதல்வர் தொடங்கிவைத்த ஊர் தூத்துக்குடி. 1948இல் பெண்கள் கல்லூரியோடு தொடங்கிய ஊருக்கு அது பொருத்தம்தான். ஆயிரம் ரூபாய் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். சுயநிதிக் கட்டணத்துக்கு ஆகாது.

அடுத்த இதழில் 1974ஆம் ஆண்டுத் துறைமுகத்துக்குப் போகிறோம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். 1948 முதல் 1970 வரை இந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். அவர்கள் வீட்டுப் பரணில் கல்லூரி ஆண்டு மலர், விடுதி நாள் புகைப்படம், கட்டண ரசீது, வாத்தியார் கையெழுத்திட்ட நோட்டு ஏதாவது இருக்கும். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தாத்தாவிடமோ ஆச்சியிடமோ கேட்டு, படத்தில் இருப்பவர்களின் பெயரையும் ஊரையும் பின்புறம் எழுதி, அவர்கள் படித்த கல்லூரியின் நூலகத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.